பசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்!

"தோட்டத்துச் சனங்களுக்கு வாயைக் கட்டத் தெரியாது, மாவையும் சீனியையும் அளவின்றித் தின்று நீரிழிவை விலைக்கு வாங்குகிறார்கள்" என்று பேசும் கனவான்களை நாம் பதுளையிலும் காண்கிறோம், பண்டாரவளையிலும் காண்கிறோம், கொழும்பைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. படித்தவர் வாயிலிருந்து வரும் பேச்சு இது. தோட்டத் தொழிலாளி இளைத்திருந்தால், 'சம்பளத்தைக் குடித்தழித்தான்' என்பர். அதே தொழிலாளிக்கு நாற்பது வயதிற்கு மேல் வயிறு முன்தள்ளினால், 'தின்று கொழுத்தான்' என்பர். எவ்வழி நோக்கினும் தீர்ப்பு ஒன்றே. குற்றவாளி அவன்! சாட்சியம் எதனையும் கேளாது வழங்கப்படும் இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

குற்றவியற் சட்டம் பயில்வோர் முதற்பாடமாகக் கற்பது ஒன்றுண்டு. செயல் மாத்திரம் போதாது. அச்செயலின் பின்னால் நின்ற மனமும் நிரூபிக்கப்படல் வேண்டும். ஒருவனைப் பார்த்து 'உனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை' என்று கூறுவோர், உண்ணத் தொடங்குவதும் உண்பதை நிறுத்துவதும் முழுக்க முழுக்க அவனுடைய விருப்பின்பாற்பட்டவை என்று கொள்கின்றனர். உண்மை அவ்வாறுதானா? கடந்த நூற்றிருபது ஆண்டுகளின் உடலியல் ஆராய்ச்சி வேறு கதை சொல்கின்றது. மடுல்சீமை மலையிற் கொழுந்து பறிப்பவளுக்கும், வன்னியிற் பயறு விதைக்கும் கமக்காரனுக்கும், பதுளை நீதிமன்றத்தில் வழக்குரைக்கும் நமக்கும் அக்கதை ஒன்றுபோலவே உரியது. ஆதலின் அதனைச் சற்று விரித்துரைப்போம்.

1902ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வில்லியம் பேலிஸ், ஏர்னஸ்ட் ஸ்டார்லிங் என்னும் மைத்துனர் இருவர் ஒரு சோதனை நடத்தினர். இரைப்பையைக் கடந்து உணவு சிறுகுடலை அடைந்ததும் சதையி தன் சீரண நீரைச் சுரக்கின்றது. குடலிலிருந்து சதையிக்கு இச்செய்தியைக் கொண்டு செல்வது நரம்பே என்று உருசிய நாட்டுப் பேரறிஞர் பாவ்லோவ் கருதியிருந்தார். மைத்துனர் இருவரும் மயக்கமூட்டப்பட்ட நாயொன்றின் சிறுகுடற் பகுதியில் நரம்புகளை அறுத்துவிட்டு, அதனுள் அமிலம் செலுத்தினர். நரம்பு இல்லை; ஆயினும் சதையி சுரந்தது. பின்னர் அக்குடலின் உட்சவ்வைச் சுரண்டி, அமிலத்திலே அரைத்து வடித்து, இரத்தக் குழாயிற் செலுத்தினர். மீண்டும் சுரந்தது. செய்தியைக் கொண்டு சென்றது குடலே சுரந்து இரத்தத்தில் விடுத்த ஒரு பொருள் என்பது வெளிப்பட்டது. அதற்குச் செக்கிரெற்றின் எனப் பெயரிட்டனர். இத்தகைய தூதுப் பொருள்களுக்கெல்லாம் பொதுப் பெயராக, தூண்டியெழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து 'ஓமோன்' என்ற பெயரை 1905இல் ஸ்டார்லிங் வழங்கினார். உலகில் முதன்முதல் ஓமோன் என்று அறியப்பட்ட பொருள் மூளையிலிருந்து வரவில்லை. குடலிலிருந்து வந்தது!

வழக்கறிஞர் சுவைக்கத்தக்க செய்தியொன்றும் இதனுடன் ஒட்டியிருக்கின்றது. 1903இல் பேலிஸ் மாணவர் முன்னிலையில் நாயொன்றை அறுத்துக் காட்டியபோது அதற்குச் சரிவர மயக்கமருந்து கொடுக்கவில்லை என்று, அங்கு வந்திருந்த சுவீடன் நாட்டுப் பெண்கள் இருவர் எழுதி வைத்தனர். உயிருடன் விலங்குகளை அறுப்பதை எதிர்த்த சங்கத்தின் செயலாளர் ஸ்டீபன் கோல்ரிட்ஜ் அதனைப் பொதுக்கூட்டத்தில் வாசித்தார். அவரும் ஒரு வழக்கறிஞர். பிரதம நீதியரசராயிருந்த கோல்ரிட்ஜ் பிரபுவின் மகன். பேலிஸ் மானநட்ட வழக்குத் தொடுத்தார். யூரிமார் அவர் பக்கம் தீர்ப்பளித்து 2,000 பவுண் நட்டஈடு வழங்கினர். அத்தொகையை அவர் கல்லூரியின் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார். ஆனால் அந்தப் பழுப்பு நாயின் பெயரால் இலண்டனிற் சிலை எழுந்தது, தெருக்கலகமும் நடந்தது. அறிவியல் நீதிமன்றத்துக்கு வந்த கதைகளில் இதுபோல் ஒன்று அரிது.

நிற்க. நம் பொருள் பசி.

இரைப்பையின் மேற்பகுதியிலிருந்து கிரெலின் என்னும் ஓமோன் பெரும்பாலும் சுரக்கின்றது. யப்பானிய அறிஞர் கொஜிமா, கங்காவா ஆகியோர் 1999இல் இதனைக் கண்டறிந்தனர். உணவு வேளை நெருங்க நெருங்க இரத்தத்தில் இதன் அளவு ஏறுகின்றது, உண்டபின் இறங்குகின்றது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள பசி மையத்திடம் 'வயிறு காலி' என்று முறையிடும் தூதன் இவனே. இவனுக்கு எதிரே, 'போதும், நிறுத்து' என்று உரைக்கும் தூதுவர் பலர். சிறுகுடலின் முற்பகுதி, கொழுப்பும் புரதமும் வந்து தொட்டதும் கொலசிஸ்ரொகைனின் என்பதை விடுக்கின்றது. பித்தப்பையைச் சுருக்கும் பொருளாக 1928இல் அறியப்பட்ட அது, உண்பதையும் குறைக்கின்றது என்பது 1973இல் எலிகளிற் காட்டப்பட்டது. குடலின் கடைப்பகுதியிலுள்ள உயிரணுக்கள் ஜி.எல்.பி.-1, பி.வை.வை. என்னும் இரண்டை விடுக்கின்றன. இவை இரைப்பை காலியாகும் வேகத்தைத் தணித்து, மூளைக்குத் திருப்தியை அறிவிக்கின்றன, ஜி.எல்.பி.-1 இன்சுலினையும் தூண்டுகின்றது. இவர்களோடு, உடற்கொழுப்பிலிருந்து புறப்பட்டு 'களஞ்சியத்தில் இருப்பு எவ்வளவு' என்று கணக்குக் காட்டும் லெப்டின் ஒன்றுண்டு. அமெரிக்காவின் ரொக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் பிரீட்மனின் குழுவினர் 1994இல் இதனை வெளிப்படுத்தினர்.

ஒரு பக்கச் சாட்சியை மட்டும் அழைத்து வழக்கை வென்றுவிட நாம் விரும்பவில்லை. பருத்தவர் உடலிற் கிரெலின் மிகுந்திருக்கும், அதனால்தான் அவர் பருத்தார் என்று எண்ணுவது பிழை. பருத்தவர் பலரிடம் அது குறைந்தே காணப்படுகின்றது. லெப்டினோ மிகுந்திருக்கின்றது, ஆனால் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ஓர் ஓமோனைக் காரணமாகச் சுட்டி மற்றனவற்றை விடுதலை செய்துவிட இயலாது. ஆயினும் ஒன்று உறுதி. எவ்வளவு உண்டால் அடங்கும் என்பதை வாய் மட்டும் தீர்மானிப்பதில்லை. உண்பவனின் ஒழுக்கம் மட்டும் தீர்மானிப்பதுமில்லை. என்ன உண்டான், எவ்வளவு விரைவில் உண்டான், முந்திய இரவு எத்தனை மணிநேரம் உறங்கினான், தாயின் வயிற்றில் எவ்வாறு வளர்ந்தான் என்பனவெல்லாம் அத்தீர்மானத்திற் பங்குகொள்கின்றன. இவற்றுள் எத்தனை ஒரு தொழிலாளியின் கையில் உள்ளன?

மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றிற் சம்பளம் பற்றிய கூட்டம் முடிந்து புறப்படுகையில், நீரிழிவு கண்ட அம்மா ஒருவர் நம்மிடம் மருந்துச்சீட்டைக் காட்டினார். வைத்தியர் 'கொஞ்சமாகச் சாப்பிடு' என்று சொல்லியனுப்பியிருக்கிறார். "ஐயா, வெள்ளன நாலு மணிக்கு எந்திரிச்சு ரெண்டு ரொட்டி, சம்பல், சீனி போட்ட தேத்தண்ணி. மலைக்குப் போனா ஒம்பது மணிக்கே வயிறு இழுக்குது. கொஞ்சமா சாப்பிட்டா கொழுந்து எடுக்கக் கை வருமா?" என்று கேட்டார். "நீங்க சொல்றது ஞாயந்தான் அம்மா" என்பதற்குமேல் அப்பொழுது நம்மால் ஒன்றும் உரைக்க முடியவில்லை.

அவர் கேள்வியை உடலியல் மொழியிற் பெயர்த்துப் பார்ப்போம். தவிடு நீக்கிய கோதுமை மாவும் சீனியும் குடலின் முற்பகுதியிலேயே விரைந்து கரைந்து இரத்தத்திற் கலந்துவிடுகின்றன. குடலின் கடைப்பகுதியில் நிற்கும் 'போதும்' என்னும் தூதுவரிடம் அவை அதிகம் சென்று சேர்வதில்லை. பருப்பு, பயறு, முட்டை, மீன் முதலியவற்றின் புரதம் அத்தூதுவர்களை நன்கு எழுப்புகின்றது. தானியத் தவிட்டிலும் அவரையினத்திலும் உள்ள நார் பெருங்குடல்வரை சென்று, அங்குள்ள நுண்ணுயிர்களாற் புளித்து, அப்பொழுதும் அவர்களைத் தட்டியெழுப்புகின்றது. இரண்டு ரொட்டியும் சம்பலும் உண்டு மலையேறியவளுக்கு ஒன்பது மணிக்கு வயிறு இழுப்பது பேராசையன்று. அவள் குடல் தன் கடமையைச் செய்கின்றது.

உண்ணும் வேகமும் அற்பமன்று. ஒரே அளவு ஐஸ்கிறீமை ஐந்து நிமிடத்தில் உண்டவர்களையும் அரைமணி நேரத்தில் உண்டவர்களையும் 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வு ஒப்பிட்டது. மெல்ல உண்டபோதே பி.வை.வை.யும் ஜி.எல்.பி.-1உம் மிகுந்து சுரந்தன. ஐஸ்கிறீமை அரைமணி நேரம் உண்ணும் பாக்கியம் பெற்றோரைக் கொண்டு செய்த சோதனை அது! நம் பெண்ணோ, மதியம் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, பிள்ளைக் காம்பராவுக்கு ஓடிக் குழந்தைக்குப் பால் கொடுத்து, லயத்திற்குச் சென்று இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு மீண்டும் மலையேற வேண்டும். நிர்ணயித்த கிலோ வராவிடின் அரைப்பேர். அவசரமாக உண்பதை அவளுக்குக் கற்பித்தது யார்?

உறக்கத்தையும் கேளுங்கள். 2004இல் சிக்காகோவில் இளைஞர் பன்னிருவரை இரண்டு இரவுகள் நான்கு மணிநேரம் மாத்திரம் உறங்கச் செய்தனர். வேறிரு இரவுகள் பத்து மணிநேரம் படுக்கையில் இருக்க விட்டனர். குறைந்த உறக்கத்தின்பின் லெப்டின் 18 வீதம் குறைந்தது. கிரெலின் 28 வீதம் ஏறியது. பசியும் ஏறியது, சிறப்பாகச் சீனியும் மாவுமான உணவின் மேல். இரண்டே இரவுகளில் இவ்வளவு. நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டி, இரவு எல்லோருக்கும் பரிமாறி, எஞ்சியதைக் கடைசியில் உண்டு படுக்கும் தாய்மாரின் இருபது ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள். பெண் குறைத்துண்பதே அழகு என்று நெடுங்காலம் பாடம் புகட்டிய சமூகம் நம்முடையது. அந்தப் பாடத்தையும் நாம் குறுக்குவிசாரணை செய்தாக வேண்டும்.

பட்டணத்திலிருப்போர் இதனைத் தோட்டத்துக் கதையென்று ஒதுக்கிவிட வேண்டாம். 2019இல் அமெரிக்க அரசாங்கத்தின் ஆராய்ச்சி நிலையமொன்றிற் கெவின் ஹோல் குழுவினர் இருபது பேரை உள்ளேயே தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையிற் பதப்படுத்திய உணவும் இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவும் கொடுத்தனர். சீனி, கொழுப்பு, நார் யாவும் சமமாகவே பரிமாறப்பட்டன. வேண்டிய மட்டும் உண்ணலாம். ஆலை உணவின்போது ஒவ்வொருவரும் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மிகையாக உண்டனர், விரைவாகவும் உண்டனர். சமைத்த உணவின்போது பி.வை.வை. ஏறியது, கிரெலின் இறங்கியது. ஒரே மனிதர், ஒரே மனக்கட்டுப்பாடு. மாறியது உணவு மட்டுமே. பிஸ்கற்றும் பனிசும் மென்பானமும் கொண்டு மாலைப்பொழுதைக் கழிக்கும் எழுதுவினைஞரும் ஆசிரியரும் வழக்கறிஞரும் இதனை மறவாதிருத்தல் நன்று.

இனி, மாவு தோட்டத்துக்கு வந்த வரலாறு. அது தொழிலாளி விரும்பி அழைத்த விருந்தாளியன்று. முன்னாளில் தோட்டத்தில் அரிசி கூலியின் ஒரு பகுதியாகவே இருந்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அரிசியின் விலையையும் கணக்கிலெடுத்தது. 1942இல் பர்மா யப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கோதுமை மா பங்கீட்டில் நுழைந்தது; நுழைந்தது நிலைத்தது. ரொட்டியே தோட்டத்தின் உணவாயிற்று. பின்னர் 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலையேற, அந்த மாவும் வெட்டப்பட்டது. வயலும் தோட்டமும் உடைய கிராமத்தான் மரவள்ளியையாவது கிண்டினான். லயத்தில் வாழ்ந்தவனுக்குக் கிண்ட நிலம் ஏது? மலையகத் தோட்டங்களில் அக்காலத்தில் இறப்பு வீதம் கூர்மையாக உயர்ந்தது. முதியோர் அதனை இன்றும் மறக்கவில்லை. அரசாங்கக் கோவைகள் மறந்துவிட்டன போலும்.

அந்த ஆண்டுகளை நாம் வீணாகக் கிளறவில்லை. ஒல்லாந்து நாட்டில் 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மானியப் படையின் முற்றுகையால் கொடும் பஞ்சம் நேர்ந்தது. அப்பொழுது கருவிலிருந்த ஆண்கள் பத்தொன்பது வயதிற் படைச்சேவைக்காகப் பரிசோதிக்கப்பட்டபோது, கருவின் முற்பாதியிற் பஞ்சம் கண்டவரிடையே உடற்பருமன் மிகுந்திருந்தது. நடுவயதில் அப்பஞ்சக் குழந்தைகளின் உடல் சீனியை ஆளும் ஆற்றல் குறைந்திருப்பதும் 1998இற் காட்டப்பட்டது. இங்கிலாந்தில் ஹேல்ஸ், பார்க்கர் ஆகியோர், எடை குறைந்து பிறந்த குழந்தை சிக்கனத்துக்கே பழக்கப்பட்ட உடலுடன் வருகிறது. பின்னாளில் உணவு மலியும்போது அவ்வுடலால் தாங்க முடிவதில்லை என்று 1992இல் விளக்கினர். பூனா நகரில் வைத்தியர் யாஜ்னிக் அளந்த குழந்தைகள் சராசரி 2.7 கிலோவே, ஆங்கிலக் குழந்தைகளோ 3.5 கிலோ. ஆயினும் மெலிந்த அக்குழந்தைகளில் தசை குறைந்த அளவுக்குத் தோலடிக் கொழுப்புக் குறையவில்லை. மெலிந்தும் கொழுத்த குழந்தை! தெற்காசியன் பார்வைக்கு ஒல்லியாயிருந்தும் நீரிழிவுக்கு ஆளாவதன் மர்மங்களுள் இது ஒன்று.

இதனாலன்றோ 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே அபாயம் ஏறத் தொடங்குகிறது என்றது! ஐரோப்பியருக்கு அவ்வெல்லை 25. இடுப்பளவு, தெற்காசிய ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் என்று வகுக்கப்பட்டுள்ளது. தராசை மட்டும் நம்பினால் நம்மவரின் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும்.

2016ஆம் ஆண்டின் தேசிய அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் 17 வீதத்தினர் வயதிற்கேற்ற உயரம் இன்றிக் குன்றியிருந்தனர். தோட்டப் பகுதியிலோ 32 வீதம்! அதே அளவீட்டில் நாடளாவிய மணமான பெண்களுள் நூற்றுக்கு 45 பேர் மிகை எடையினர். ஒரே நாட்டில் ஒருபுறம் குன்றுதல், மறுபுறம் பருத்தல். இவ்விரண்டும் பகைவர் என்று எண்ணுவோர் எண்ணட்டும். இன்றைய குன்றிய குழந்தையே நாளைய நீரிழிவாளன் ஆகும் வழியை மேலே காட்டினோம். 2005–06இல் வடக்குக் கிழக்கு நீங்கலாக ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வு, வளர்ந்தோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு என்றது. மேல் மாகாணத்தில் மிக அதிகம், ஊவாவில் மிகக் குறைவு. 2018–19இல் நாட்டின் கணக்கு ஐவரில் ஒருவரைத் தாண்டிவிட்டது. ஊவா குறைவாயிருந்தது என்று மகிழ்ந்திருந்த காலம் போய்விட்டது என்றே நாம் கருதுகிறோம். 1974இற் கருவாயிருந்த குழந்தைகள் ஐம்பதைக் கடந்துவிட்டனர். கடைகளோ மடுல்சீமைச் சந்திவரை மென்பானப் புட்டிகளால் நிறைந்திருக்கின்றன.

'அப்படியானால் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா? எல்லாம் ஓமோனின் செயலென்று கைகழுவி விடலாமா?' என்று நண்பர் சிலர் கேட்பர். நேர்மையான கேள்வி. பொறுப்பு உண்டு. ஆனால் அதன் எல்லையும் உண்டு. மெல்போர்ணில் பிரியா சுமித்திரன், ஜோசப் புறொயெற்றோ முதலியோர் 2011இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பருத்த ஐம்பது பேர் பத்து வாரம் கடும் பத்தியமிருந்து எடையைக் குறைக்க முனைந்தனர்; சராசரி 13 கிலோவுக்கு மேல் குறைத்தனர். ஓராண்டு கழித்தும் அவர்களின் கிரெலின் ஏறியே நின்றது. 'போதும்' என்னும் தூதுவர் தளர்ந்தே கிடந்தனர். பசியோ பத்தியத்துக்கு முன்னிருந்ததை விட மிகுதி. இழந்த எடையை மீட்பதற்கு உடல் ஓராண்டாக வழக்காடிக்கொண்டிருந்தது என்க! மெலிந்து மீண்டும் பருத்தவரைப் பார்த்து நகைப்போர் இதனை அறிந்து நகைக்கட்டும். பொறுப்பைச் சுமத்துமுன், அதனைச் சுமக்கும் வாய்ப்பைக் கொடுத்தல் வேண்டும் என்பதே நம் வாதம்.

மற்றொரு சாராரும் உளர். 'ஊசி வந்துவிட்டது, இனி எல்லாம் தீர்ந்தது' என்போர். கதை விந்தையானதுதான். நம் குடல் சுரக்கும் ஜி.எல்.பி.-1 இரத்தத்தில் ஓரிரு நிமிடங்களே நிலைக்கும். அமெரிக்கப் பாலைநிலத்து நச்சுப் பல்லியொன்றின் நஞ்சில், அதனை ஒத்து நெடுநேரம் நிலைக்கும் பொருளொன்றை நியூயோர்க்கின் ஜோன் எங் 1992இல் வெளியிட்டார். அதன் வழிவந்த மருந்து 2005இல் நீரிழிவுக்கு அனுமதி பெற்றது. இன்று பேர்போன செமக்ளூட்டைட் வாரம் ஓர் ஊசியே. 2021இல் வெளியான பெருஞ்சோதனையில் 68 வாரத்திற் சராசரி 15 வீத எடையைக் குறைத்தது. ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. குமட்டல், வாந்தி உண்டு. கொழுப்போடு தசையும் கரைகின்றது. முன்னமே தசை குறைந்த நம் உடலுக்கு, வைத்தியரின் கண்காணிப்பின்றி இதனை எடுப்பது விளையாட்டன்று. விலையோ கூலிக் குடும்பத்துக்கு எட்டாக்கனி.

எட்டாக்கனியாகவே அது இருக்க வேண்டுமென்ற விதியில்லை. 2025 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இவ்வின மருந்துகளை இன்றியமையா மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. இந்தியாவில் செமக்ளூட்டைட்டின் மூலக் காப்புரிமைக்கு 2026 மார்ச் வரையே ஆயுள். ஊவா வெல்லசைக் குடும்பத்திற் தோன்றிய பேராசிரியர் சேனக பிபிலே, 1971இல் அமைந்த அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவராயிருந்து, வணிகப் பெயரை விடுத்து மருந்துப் பெயராற் கேள்விப்பத்திரம் கோரி, மொத்தமாக மலிவாக வாங்கும் வழியை உலகுக்கே காட்டினார். அவ்வழியிற் சென்று, வேண்டிய நீரிழிவாளருக்கு அரசாங்க வைத்தியசாலையில் இம்மருந்து கிடைக்கச் செய்தல் இயலாததன்று. எடை குறைத்து அழகுபெற விழையும் செல்வருக்கு முன்னால், கால் அழுகும் நிலையிலுள்ள தொழிலாளி நிற்கட்டும்.

எனினும் மருந்து பின்னர், உணவு முன்னர். மதிய உணவுக்கு மலையில் முழு ஒரு மணி நேரம், கொழுந்து நிறுக்கும் நேரம் நீங்கலாக, சம்பளப் பேச்சுவார்த்தையின் ஒரு பொருளாக வேண்டும். தொழிற்சங்கத் தலைவர்கள் ரூபாவை மட்டும் பேசிவிட்டு எழுந்து வருகிறார்கள். 2021இல் 1,000 ரூபாவும் 2024இல் 1,350 ரூபாவும் நாட்சம்பளமாக வர்த்தமானியில் வந்தன. அந்த ரூபா எந்த உணவை வாங்குகின்றது என்று கேட்டவர் எத்தனை பேர்? வன்னியிலும் மட்டக்களப்பிலும் பயறும் கௌபியும் உழுந்தும் விளைவிக்கும் கமக்காரர் அறுவடை வேளையில் விலையின்றித் தவிக்கின்றனர். மடுல்சீமை, பசறை, லுணுகலைத் தோட்டக் கடைகளிலோ அவை கைக்கெட்டா விலையில் விற்கின்றன. இடையில் உண்பவர் யார் என்பதைச் சொல்ல வேண்டுமா? கமக்காரர் சங்கமும் தோட்டக் கூட்டுறவுச் சங்கமும் நேரே கொள்வன செய்வதற்குச் சட்டத் தடை எதுவுமில்லை. ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க வேண்டுமாயின் ஊதியமின்றி எழுதிக் கொடுக்க நாம் ஆயத்தம். ஊவாவிலேயே விளையும் குரக்கனை 'ஏழையின் தானியம்' என்று ஒதுக்கியவரும் நாமே. அதையே பொதிகட்டிக் கொழும்பில் விற்கக் கண்டு வியப்பவரும் நாமே.

1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைச் சட்டம், நோயுற்ற தொழிலாளியைக் கவனிப்பதையும் பிரசவித்த பெண்ணுக்கு உணவளிப்பதையும் தோட்ட அதிகாரியின் கடமையாக வைத்தது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே உடலைப் பேணுதல் தோட்டத்தின் பொறுப்பு என்று எழுதப்பட்டிருக்க, இன்று அதனைத் தொழிலாளியின் தனிப்பட்ட ஒழுக்கமாக மாற்றிவிட முயல்வது வேடிக்கை. அரசாங்கம் 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை நடத்தி வருகின்றது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இடுப்பளவு யாவும் அங்கு இலவசமாகப் பார்க்கப்படும். மடுல்சீமையின் உச்சித் தோட்டத்திலிருந்து அங்கு சென்றுவர, பஸ்ஸுக்குக் காத்திருந்து, வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று, திரும்புகையில் நண்பகல் கடந்துவிடும். அன்றைய பேர் போய்விடும். பேர் போகுமென்று அஞ்சியே பலர் போவதில்லை.

1973, 74, 75 ஆகிய ஆண்டுகளிற் பிறந்த தோட்டத்து ஆண், பெண் யாவரும் முதலில் சோதிக்கப்படல் வேண்டும். அவர்களுக்கு ஆண்டில் ஒருநாள், சம்பளத்துடன் விடுப்புக் கொடுக்குமாறு தோட்ட நிருவாகங்களையும் தொழில் அமைச்சையும் கேட்டு மனுவொன்று ஆயத்தமாகின்றது. பசறை, லுணுகலை, மடுல்சீமைத் தோட்டக் கமிட்டித் தலைவர்கள் தத்தம் பெரட்டுக் களத்தில் அவ்வாண்டுகளிற் பிறந்தோரின் பெயர்களை எடுத்து, பிறப்புச் சான்றில்லாதோரைத் தனியே குறித்து, இம்மாத முடிவிற்குள் நம்மிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.